முகம் சொல்லும் சாட்சியம்

2012ஆம் ஆண்டு நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் கொடியேறிய அடுத்த வாரத்தில், ரொறன்ரோ நகரிலே பிறந்து வளர்ந்தவனாகிய என் தங்கையின் மகன், பல்கலைக்கழக விடுமுறையைக் கழிப்பதற்காகக் கொக்குவிலிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். மாலைத் திருவிழாவுக்குப் போய்த் திரும்பி, இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, முன் விறாந்தையிற் கிடந்த சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, கணினியை மடிமேல் வைத்தபடி அவன் நெடுநேரம் விழித்திருப்பது வழக்கமாயிற்று. ஓரிரவு, அந்தக் கணினியிலிருந்து மந்தமான எக்காள இசையொன்று எழுவதையும், அதைத் தொடர்ந்து ஒருவர் மற்றொருவரை விசாரணை செய்வதையும் கேட்டு, நான் அவன் பின்னாற் போய் நின்றேன். திரையிலே தொப்பியணிந்த ஒரு மனிதர் தெரிந்தார். பதிலைச் சொல்லி முடித்த பின்பும் அவருடைய கண்கள் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் அலைந்தன. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

“என்ன படம் தம்பி இது?” என்று கேட்டேன்.

“படமில்லை மாமா, கேம். நாங்கள்தான் துப்பறியிற பொலிஸ்காரர். இவர் சொல்லுறது மெய்யோ பொய்யோ எண்டு முகத்தைப் பார்த்து நாங்கள் சொல்ல வேணும். இருந்து பாருங்கோ.”

அன்றிரவு இருந்து பார்க்கத் தொடங்கிய நான், தேர்த் திருவிழா முடியும் வரையில் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் அவன் பக்கத்திலே இருந்தேன். ‘எல்.ஏ. நுவார்’ என்னும் அந்த விளையாட்டின் நிறைகளையும் குறைகளையும் பற்றி நான் எழுதப் புகுந்தது, அது எனக்குத் தந்த ஆச்சரியத்தின் காரணமாக மட்டுமன்று. முகத்தைப் பார்த்து மனிதனை நிதானிக்கும் விஷயத்திலே, அந்த விளையாட்டைச் செய்தவர்கள் அறியாத ஓர் அனுபவம் எங்கள் ஊராருக்கு உண்டு என்பதனாலும் ஆகும்.

துப்பறியும் கதைகளில் எனக்கிருந்த மோகம் பழையது. தமிழ்வாணனுடைய சங்கர்லாலையும், பிற்பாடு சுஜாதாவினுடைய கணேஷையும் வசந்தையும், ஊர் வாசிகசாலையிலும் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலும் தேடித் தேடிப் படித்த மாணவர் கூட்டத்தில் நானும் ஒருவன். 1981ஆம் ஆண்டு அந்த நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது, கிடைத்தற்கரிய ஓலைச்சுவடிகளையும் பழம் பதிப்புகளையும் நினைந்து ஊர் முழுவதும் அழுதது. நானும் அழுதேன், ஆனால் இருபத்தொரு வயதினனாகிய எனக்கு, திருப்பிக் கொடுத்த மறுநாளே சாம்பராய்ப் போன ஒரு துப்பறியும் நாவலின் அட்டைப்படமே அன்று கண்முன் நின்றது என்பதை இன்று ஒளிக்காமற் சொல்லுகிறேன். தமிழாசிரியராயிருந்த என் தந்தையாரோ நாவல்களை விரும்பாதவர். எனினும் 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ என்னும் படத்தைப் பற்றி மாத்திரம் வாயூறப் பேசுவார். பாட்டு ஒன்றேனும் இல்லாத அந்தப் படத்திலே, ஜப்பானியர் சென்னையிற் குண்டு போட்ட காலத்திற் கொலையுண்ட ஒரு வானொலி எஞ்சினியரைப் பற்றி, வீட்டாரும் அயலாரும் ஆளுக்கொரு விதமாகச் சாட்சி சொல்ல, இரகசியப் பொலிஸ் அதிகாரி பொறுமையோடு கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அதிகாரியாக நடித்த ஜாவர் சீதாராமனே கதை வசனத்தையும் எழுதியவர். “சொல்லுறவன்ரை வாயை விட்டிட்டு, கேக்கிறவன்ரை முகத்தைப் பார், அங்கைதான் படம் இருக்கு” என்பார் தந்தையார். அந்த வார்த்தையின் பொருள் எனக்கு விளங்குவதற்கு முப்பது ஆண்டுகளும் ஒரு யுத்தமும் தேவைப்பட்டன.

‘நுவார்’ என்பது பிரெஞ்சு மொழியிற் கறுப்பு என்று பொருள்படும் சொல். இரண்டாம் உலக யுத்தத்தையொட்டி அமெரிக்காவிலே தோன்றிய ஒருவகைக் குற்றப் படங்களுக்கு, இருள் செறிந்த அவற்றின் காட்சிகளையும் இருள் செறிந்த அவற்றின் மாந்தர் மனங்களையும் கருதி, பிரெஞ்சு விமர்சகர்கள் இட்ட பெயர் அது. அந்த மரபிலே, 1947ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் களமாகக் கொண்டு, சிட்னி நகரிலிருந்த ரீம் பொண்டி என்னும் நிறுவனம், பிரென்டன் மக்னமாரா என்பவரின் எழுத்திலும் நெறியாள்கையிலும், ஏழாண்டு அளவிலான பிரயாசையின் பின் ஆக்கி, ரொக்ஸ்ரார் நிறுவனத்தின் மூலம் 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட விளையாட்டே இது. ஓகினாவாப் போர்முனையிலிருந்து மீண்டு பொலிசிற் சேர்ந்த கோல் பெல்ப்ஸ் என்னும் இளைஞன் இதன் நாயகன். ரோந்து, போக்குவரத்து, கொலை, ஒழுக்கக்கேடு, தீவைப்பு என்னும் பிரிவுகளினூடாக 21 வழக்குகளை நாம் அவனாக நின்று விசாரிக்க வேண்டும். நியூயோர்க் நகரத்து ட்ரைபெக்கா திரைப்பட விழாவிலே உத்தியோகபூர்வமாகத் தெரிவு செய்யப்பட்ட முதலாவது கணினி விளையாட்டு இதுவே என்பதிலிருந்து, அக்காலத்தில் இதற்கிருந்த மதிப்பை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த மதிப்புக்கு மூலகாரணம் முகங்களே. அதுவரை வந்த விளையாட்டுகளில் மாந்தர் முகம் மெழுகுப் பொம்மையின் முகம் போலிருக்கும் என்றும், இதிலே நடிகர் ஒவ்வொருவரையும் ஒரு கதிரையில் இருத்தி, சுற்றிலும் 32 கமெராக்களை நிறுத்தி, அவர்கள் வசனம் பேசும்போது புருவத்திலும் உதட்டிலும் கன்னத்திலும் தோன்றும் ஒவ்வோர் அசைவையும் பதிந்தெடுத்தார்கள் என்றும் மருமகன் விளக்கினான். கோல் பெல்ப்ஸாக நடித்த ஏரன் ஸ்ரேற்றன் முதலாக, ஒரு காட்சியில் மட்டும் வந்துபோகும் கடைக்காரன் ஈறாக, நானூறு பேரளவிலான நடிகர்கள் அந்தக் கதிரையில் இருந்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக வகுப்பறையில் மாணவர் முகங்களையும், சபைகளிற் கூத்தாடுவோர் முகங்களையும் பார்த்துப் பழகிய எனக்கு, ஒரு யந்திரத்தின் திரையிலே மனித முகம் இத்தனை சூக்ஷ்மமாகத் தன்னை வெளிப்படுத்தியது பெருவியப்பாக இருந்தது. இந்த விளையாட்டின் முதலாவது பெருமை அதுதான்: சுடுவதற்கும் ஓடுவதற்கும் பழகிய இளைஞரை, எதிரேயிருக்கும் இன்னொரு மனிதனின் முகத்தை அசையாமலிருந்து பார்க்கும்படி செய்துவிட்டது. என் மருமகன், தாயோடு தொலைபேசியிற் பேசும்போதுகூட வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பவன், ஒரு சாட்சி பதில் சொல்லிய பின் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே உற்று நோக்குவதை நான் கண்டேன்.

இரண்டாவது பெருமை, பொருள்களிடத்து அது காட்டும் சிரத்தை. கொலை நடந்த இடத்திற் கிடக்கும் தீப்பெட்டியைக் கையிலெடுத்து, திருப்பி, உள்ளே எழுதியிருப்பதை வாசித்து, குறிப்புப் புத்தகத்திற் பதிந்து, பின் அதை ஒரு மனிதனுடைய சொல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்னும் ஒழுங்கு, நல்லாசிரியர் ஒருவர் ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் தேரும் ஒழுங்கை ஒத்தது. பொய் என்று குற்றஞ்சாட்டினால் அதற்குரிய அத்தாட்சியைக் காட்டியே தீரவேண்டும் என்ற நியதி என்னை மிகவும் கவர்ந்தது. தேடுதல் நடக்கும்போது மெல்லிய இசையொன்று ஒலித்துக்கொண்டிருக்கும். தேடவேண்டியது யாவும் தேடி முடிந்ததும் அந்த இசை ஓய்ந்துவிடும். இப்படிக் காதுக்கும் ஒரு வேலையைக் கொடுத்திருப்பது சிறந்த கலைத்திறன் என்றே சொல்லுவேன். முழு விளையாட்டையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்ளவும் வசதி உண்டு; என் பொருட்டு மருமகன் அப்படி மாற்றினான்; தந்தையார் சொன்ன ‘அந்த நாள்’ படத்து நிழல்கள் எங்கள் விறாந்தைச் சுவரிலே வந்து விழுந்தாற் போலிருந்தது.

மூன்றாவது, நகரம். பழைய புகைப்படங்களையும் வான்படங்களையும் பத்திரிகைகளையும் ஆராய்ந்து, லொஸ் ஏஞ்சலிஸின் எட்டுச் சதுர மைல் அளவிலான பகுதியை, தெருத் தெருவாக, விளம்பரப் பலகை பலகையாக அவர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். அந்தத் தெருக்களில் ஓடும் உருண்டு திரண்ட கார்களைக் கண்டபோது எனக்குத் தோன்றியது வேறு. அதே 1947ஆம் ஆண்டிலேதான் இங்கிலாந்தில் ஒஸ்ரின் கம்பனியார் ஏ40 என்னும் காரை முதன்முதல் வெளியிட்டார்கள். அந்த இனத்துக் கார் ஒன்று என் பெரியப்பாவிடம் இருந்தது. 1990இன் பின், யுத்தத்தினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்று, மின்சாரமும் அற்றுப்போன அந்த ஆண்டுகளில், சில துளி பெற்றோலை ஊற்றி எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரும்புகை கக்கக் கக்க நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அவர் ஏற்றிப்போனார். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. வானொலி கேட்பதற்குச் சைக்கிள் டைனமோ. லொஸ் ஏஞ்சலிஸ்காரருக்கு 1947 என்பது கமெராவினாலும் கணினியினாலும் மீட்டெடுக்க வேண்டிய ஒரு காலம். எங்களுக்கோ நாற்பதுகளின் பொருள்கள் தொண்ணூறுகளிலும் அன்றாட ஊழியம் செய்துகொண்டிருந்தன. ஆகையால் அந்த நகரத்தின் அழகை நான் மெச்சினேன்; ஆனால் அதன்மேல் எனக்கு ஏக்கம் பிறக்கவில்லை.

அத்தனை பிரயாசைப்பட்டுக் கட்டிய நகரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது அந்த விளையாட்டின் முதற் குறை. தெருவிலே நடப்போர் நடக்கிறார்கள்; கடைகள் திறந்திருக்கின்றன; ஆனால் எவரிடமும் நின்று ஊர்ப்புதினம் கேட்க வழியில்லை. ஒரு கொலை நடந்தால் அதை முதலில் அறிபவர் தேநீர்க் கடைக்காரரும், கிணற்றடியிற் கூடும் பெண்களுமே அல்லவா? இந்த விளையாட்டின் துப்பறிவாளனோ வழக்குக்கு வழக்குக் காரில் ஏறிப் போகிறானே ஒழிய, ஊருக்குள் வாழ்கிறவனல்லன். அடுத்த குறை, முகத்துக்கு ஒரு முறையாலும் உடம்புக்கு வேறொரு முறையாலும் அசைவைப் பதிந்தமையால் விளைந்தது: கண்ணும் வாயும் உயிரோடு பேச, தோளும் கையும் பொம்மலாட்டப் பொம்மைக்குரியன போல் நிற்பதுண்டு. இடையிடையே வரும் துப்பாக்கிச் சண்டைகளும் துரத்தல்களும், விசாரணையிலே கூடிய மனத்தைக் கலைப்பதற்கன்றி வேறொன்றுக்கும் உதவவில்லை.

இவையெல்லாம் தொழிற் குறைகள், காலம் திருத்திவிடும். மூலக் குறை ஒன்று உண்டு. அது ஓரிரவு மருமகனுடைய வாயிலிருந்தே வந்தது.

சாட்சி ஒருவர் பதில் சொல்லியவுடன், விளையாடுபவன் மூன்றில் ஒன்றைத் தெரிய வேண்டும்: மெய், ஐயம், பொய். அன்றிரவு, கணவன் கொலையாளியாக இருக்கலாம் என்று கருதப்பட்ட ஒரு வழக்கிலே, தாயை இழந்த பள்ளிச் சிறுமி ஒருத்தியை விசாரிக்கும் கட்டம் வந்தது. அவள் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள்.

“என்ன மாமா, ஐயமோ, பொய்யோ?” என்றான்.

“பாவம், அந்தப் பிள்ளை பயந்துபோயிருக்குது தம்பி.”

“ஓம் மாமா, ஆனால் பயத்துக்கு இதிலை பட்டன் இல்லை.”

அவன் ஐயம் என்பதைத் தெரிந்தான். இளைஞனான துப்பறிவாளன் உடனே குரலை உயர்த்தி அந்தச் சிறுமியிடம் கடுமையாகப் பேசினான். ஐயம் என்று தெரிந்தால் நாயகன் என்ன சொல்லுவான் என்பது விளையாடுபவனுக்கு முன்கூட்டித் தெரியாது. மென்மையாகக் கேட்க நினைத்தவன் சினந்து கத்துவதும், சினக்க நினைத்தவன் மென்மையாகப் பேசுவதும் அதில் அடிக்கடி நிகழும். மருமகன் மனம் வருந்திக் கணினியை மூடிவிட்டான். எனக்கோ அன்றிரவு நித்திரை வரவில்லை. ‘பயத்துக்குப் பட்டன் இல்லை’ என்ற வார்த்தை என்னைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய ஒரு காலைப் பொழுதுக்குக் கொண்டுபோயிற்று.

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியிலே யுத்தத்தினால் எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்து, மறு ஆண்டு நாங்கள் வீடு திரும்பிய பின், இராணுவத்தினரின் சுற்றிவளைப்பு என்பது மழையும் வெயிலும் போல வாழ்க்கையின் ஓர் அங்கமாகியது. அத்தகைய ஒரு காலையில், எங்கள் பகுதி ஆண்கள் யாவரையும் ஒரு மைதானத்துக்கு அழைத்து, வரிசையாக நிறுத்தி, ஒரு வாகனத்தின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கச் செய்தார்கள். உள்ளே இருந்தவனுடைய தலை முழுவதும் சாக்கினால் மூடப்பட்டு, கண்ணுக்கு மட்டும் இரண்டு துவாரங்கள் இருந்தன. எங்களூரில் அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். அவன் தலையை ஆட்டினால் அந்த மனிதன் ஒரு புறம், ஆட்டாவிட்டால் மறுபுறம். தன் முகத்தை மறைத்துக்கொண்டு பிறர் முகத்துக்குத் தீர்ப்புக் கூறும் அந்த ஏற்பாட்டை நேரிற் பார்த்தவர்கள், முகம் என்பது என்ன என்பதை அதன்பின் சாமானியமாக எண்ண மாட்டார்கள்.

எனக்கு முன்னால் நின்றவன் பக்கத்து வீட்டுப் பெடியன். உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவன். அவனுக்கு மலேரியாக் காய்ச்சல். மூன்று நாட்களாக விட்டு விட்டு நடுக்கம் எடுத்துக்கொண்டிருந்தது. அன்று காலையும் தாய் போர்வையோடு அனுப்ப முயன்றபோது, போர்வை கூடாது என்று தடுக்கப்பட்டது. அவன் வாகனத்தை நெருங்கும்போது பற்கள் அடித்துக்கொள்ள, முகமெல்லாம் வியர்க்க, கால்கள் பின்னலிட நடந்தான். தலையாட்டி அசையவே இல்லை; ஆனால் பக்கத்தில் நின்ற ஒருவர் அவன் முகத்தை உற்றுப் பார்த்து, ஏன் நடுங்குகிறாய் என்று கேட்டார். காய்ச்சல் என்று அவன் சொன்னது எடுபடவில்லை. ஐந்து மாதங்கள் கழித்தே அவன் வீடு திரும்பினான். நான் அவனுக்குப் பின்னால் நின்றவன். அவனுடைய நோயை அறிந்தவன். என் முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்து மறுபுறம் சேர்ந்தேன். அந்த விளையாட்டின் நியதிப்படி பார்த்தால், அன்று அந்த மைதானத்தில் மெய்யன் நான்; பொய்யன் அவன்.

விடிந்ததும், தந்தையாருடைய புத்தகப் பெட்டியைத் திறந்து தொல்காப்பியத்தை எடுத்தேன். புன்னாலைக்கட்டுவன் கணேசையர் அவர்கள் உரை விளக்கக் குறிப்பெழுத, சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் 1937 தொடக்கம் 1948 வரை பகுதி பகுதியாக வெளிவந்த பதிப்பு அது. இடப்பெயர்வின்போது வீட்டிலேயே விடப்பட்டு, ஓரங்களைக் கறையான் அரித்தும் எழுத்துக்குப் பழுதின்றித் தப்பிய நூல். லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கொலைகளைப் பத்திரிகைகள் அலறி அலறி எழுதிய அதே காலத்தில், எங்கள் குடாநாட்டிலே ஒரு முதியவர் ஏட்டுப் பாடங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார் என்ற நினைவு அப்போது எனக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது. அதிலே மெய்ப்பாட்டியலைப் புரட்டினேன். உள்ளத்தின் உணர்ச்சி உடம்பிலே புலப்படுவதையே மெய்ப்பாடு என்றார் நம்முன்னோர். நகை, அழுகை முதலாக எட்டு வகை கூறுமிடத்து, அச்சம் பிறத்தற்கு நான்கு நிலைக்களங்களைத் தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். வருத்தும் தெய்வம் ஒன்று, கொடிய விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, நான்காவதாக அவர் வைத்தது ஒருவன் தன்னை ஆளும் அரசன்.

எத்தனையோ முறை அந்தச் சூத்திரத்தை வகுப்பிலே பாடஞ்சொல்லிய எனக்கு, அன்றுதான் அதன் ஆழம் புலனாயிற்று. குற்றஞ்செய்தவன் அஞ்சுவான் என்று அவர் சொல்லவில்லை. அதிகாரத்தின் முன் நிற்பவன் அஞ்சுவான் என்றே சொன்னார். திருடனைக் கண்டும் நடுக்கம் வரும். திருடனைப் பிடிக்க வந்தவனைக் கண்டும் நடுக்கம் வரும். வள்ளுவர் குறிப்பறிதல் என்ற பெயரால் இரண்டு அதிகாரங்கள் அமைத்து முகத்தின் பெருமையைப் பேசினார் என்பதும் உண்மையே. ஆனால் அவற்றுள் ஒன்று அமைச்சன் அரசனுடைய குறிப்பை அறிவதைச் சொல்லுகிறது. மற்றது காதலர் ஒருவரையொருவர் அறிவதைச் சொல்லுகிறது. ஆளப்படுவோன் முகத்தை ஆளுவோன் வாசித்துத் தண்டனை விதிக்கலாம் என்பதற்கு இரண்டிலும் இடமில்லை. ‘எல்.ஏ. நுவார்’ விளையாட்டை ஆக்கியவர்கள், அச்சத்தையும் பொய்யையும் ஒரே முகக்குறியாக எழுதிவிட்டார்கள். கண் தாழ்ந்தால், உதடு துடித்தால், அவன் எதையோ மறைக்கிறான் என்பதே அவர்களுடைய இலக்கணம். யுத்தத்திலிருந்து மீண்ட ஒரு தலைமுறையைப் பற்றிக் கதை சொல்ல வந்தவர்கள், அந்தத் தலைமுறையின் முகத்தில் அச்சம் என்னும் மெய்ப்பாடு தனித்து உறைந்திருக்கும் என்பதை மறந்தது பெருங்குறையே ஆகும்.

இதற்கு நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் குறையின் ஒரு பகுதியை ஆசிரியர்களே உணர்ந்திருந்தார்கள் என்பது கொலைப் பிரிவு வழக்குகளிலே தெரிகிறது. 1947ஆம் ஆண்டு தை மாதத்தில் மெய்யாகவே லொஸ் ஏஞ்சலிஸில் எலிஸபெத் ஷோர்ட் என்னும் இளம் பெண் கொடூரமாகக் கொலையுண்டாள்; கொலையாளி யாரென்பது இன்றுவரை துலங்கவில்லை. அந்தச் சம்பவத்தின் நிழலிலே அடுத்தடுத்துப் பல பெண்கள் கொல்லப்படுவதாகவும், ஒவ்வொரு கொலைக்கும் நாம் ஒருவனைப் பிடித்துச் சிறைக்கு அனுப்புவதாகவும் கதை செல்லுகிறது. ஈற்றிலே, உண்மைக் கொலையாளி வேறொருவன் என்றும், நாம் அனுப்பிய அத்தனை பேரும் அக்கொலைகளைச் செய்யாதவர்கள் என்றும், கொலையாளிக்குப் பெரிய இடத்து உறவிருப்பதால் உண்மை மூடப்படுகிறது என்றும் அறிகிறோம். தாயை இழந்த அந்தச் சிறுமியின் வழக்கில், அவளுடைய தந்தையையோ, முன்பே பழிபட்ட இன்னொருவனையோ, இருவரில் ஒருவனைக் குற்றவாளியாக்கியே ஆகவேண்டும். மேலதிகாரிக்கு உவப்பானவனைத் தெரிந்தால் மெச்சுதல் கிடைக்கும். இருவருமே அக்கொலையைச் செய்யாதவர்கள்.

இதை எழுதியவர்களின் துணிவை நான் வணங்குகிறேன். ஆயினும் அந்தத் துணிவு பாதி வழியில் நின்றுவிட்டது. பிழையாகச் சிறை சென்றவர்கள் சத்தமின்றி விடுவிக்கப்படுவார்கள் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு, கதை அடுத்த பிரிவுக்குப் போய்விடுகிறது. அவர்கள் வீடு திரும்பிய பின் என்ன ஆனார்கள்? ஐந்து மாதம் கழித்து வந்த என் மாணவன், படலையடியில் ஒரு சைக்கிள் நின்றாலும் பின் வளவுக்கு ஓடினான், பரீட்சை எழுதவில்லை, இன்று வேறொரு தேசத்திலே பிள்ளைகளோடு வாழ்ந்தாலும், காக்கி உடையைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறான். கொலையுண்ட பெண்களும் அந்த விளையாட்டிலே சடலங்களாகவன்றி வேறு விதமாக அறிமுகமாவதில்லை. அவர்களுடைய மோதிரத்தையும் கைப்பையையும் தொட்டுப் பார்க்க வைத்தவர்கள், அவர்களுடைய குரலை ஒருதரமேனும் கேட்க வைத்திருக்கலாம்.

நாயகனுடைய கதையிலும் அதே அவசரம் காணப்படுகிறது. நேர்மையே உருவானவன் என்று நாம் நம்பிய கோல் பெல்ப்ஸ், மனைவி பிள்ளைகளை விட்டு ஜெர்மன் பாடகி ஒருத்தியை நாடினான் என்பது இடியாக வந்து விழுகிறது. அவனுடைய காலாகி நடந்த நமக்கு, அவன் மனம் எப்போது அவளிடம் சென்றது என்பது காட்டப்படவில்லை. எல்லோருடைய முகத்தையும் நாம் வாசிக்கும்படி செய்தவர்கள், நாயகனுடைய முகத்தை நமக்கு மறைத்துவிட்டார்கள். கடைசிப் பகுதியிலே, யுத்தத்திலிருந்து மீண்ட சிப்பாய்களுக்கென்று கட்டப்படும் வீடுகளை மையமாக வைத்து நடக்கும் காணிக் கபடமும் தீவைப்பும் மிகச் சிறந்த கரு. ஜாக் கெல்சோ என்னும் இன்னொரு போர்வீரனிடம் கதையை ஒப்படைத்து, பெல்ப்ஸ் வெள்ளத்தில் மாண்டுபோகும் முடிவு, நுவார் மரபுக்கு உகந்ததாயினும், சொல்லவேண்டியதை ஓடி ஓடிச் சொல்லி முடித்ததாகவே எனக்குப் பட்டது.

இன்னொரு குறையையும் குறிப்பிடாமல் விடமுடியாது. அது திரைக்கு வெளியே நிகழ்ந்தது. இந்த விளையாட்டுக்காக உழைத்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோருடைய பெயர்கள் நிறைவுப் பட்டியலில் விடுபட்டனவென்று அவர்களே முறையிட்டுத் தனிப் பட்டியல் வெளியிட்டார்கள். அளவுக்கு மிஞ்சிய வேலைநேரம் பற்றிய முறைப்பாடுகளும் எழுந்தன. விளையாட்டு வெளிவந்த அதே ஆண்டிலே ரீம் பொண்டி நிறுவனமும் மூடப்பட்டது. மனித முகத்தை இத்தனை அருமையாகப் போற்றிய ஒரு சிருஷ்டியின் பின்னால், முகமும் பெயரும் அறியப்படாதோர் பலர் நிற்கிறார்கள் என்ற செய்தி என் மனத்தை வருத்தியது.

2017ஆம் ஆண்டு அந்த விளையாட்டைப் புதுக்கி மறுபடியும் வெளியிட்டபோது, மருமகன் ரொறன்ரோவிலிருந்து அழைத்தான். “மாமா, மெய், ஐயம், பொய் எண்ட பேரெல்லாத்தையும் மாத்திப்போட்டாங்கள். இப்ப நல்ல பொலிஸ், கெட்ட பொலிஸ், குற்றஞ்சாட்டு எண்டு வச்சிருக்கிறாங்கள்” என்றான். திருத்தம் நேர்மையானதுதான், துப்பறிவாளன் என்ன செய்வான் என்பது இப்போது விளையாடுபவனுக்கு விளங்கும். ஆனால் முன்னைய மூன்றும் சாட்சி சொல்பவனைப் பற்றிய தீர்ப்புகள். பின்னைய மூன்றும் கேட்பவனுடைய தோரணைகள். தந்தையார் சொன்னபடி கேட்பவனுடைய முகத்தை நோக்கி ஒரு படி நகர்ந்திருக்கிறார்கள். அச்சத்துக்கோ இன்னும் இடம் இல்லை.

இந்நாளிலே எங்கள் குடாநாட்டு இளைஞர் பலர் கணினித் தொழிலில் வல்லவராயிருக்கிறார்கள். அவர்களுள் யாரேனும் இந்தக் கட்டுரையை வாசிக்க நேர்ந்தால் ஒன்றை வேண்டிக்கொள்ளுகிறேன். 1947ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத்தை நீங்கள் இவ்வாறு நிர்மாணியுங்கள். பெரியகடையும் ஆஸ்பத்திரி வீதியும், கொழும்பிலிருந்து விடியற்காலையில் வந்து சேரும் மெயில் வண்டியும், ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றும் கொக்குவிற் கொட்டில்களும், விதானையாரும் நொத்தாரிசும், தேசவழமைப்படி எழுதிய சீதன உறுதியும் அதில் இடம்பெறட்டும். கொலைக்குக் காரணம் அனேகமாக அந்த உறுதியிலேதான் கிடைக்கும். முகங்களை அந்தச் சிட்னி நகரத்தாரைப் போலவே சிரத்தையோடு பதிந்தெடுங்கள். ஆனால் விசாரிப்பவனுடைய கையிலே மெய், ஐயம், பொய் என்னும் மூன்றோடு நிறுத்தாமல், ‘இவன் அஞ்சுகிறான், நான் இன்னும் அறியேன்’ என்று நாலாவதாக ஒன்றையும் வையுங்கள். அதைத் தெரிந்தவனுக்கு, எதிரேயிருப்பவருக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து கேட்கும் அவகாசத்தையும் கொடுங்கள்.